மூன்றாவது மூச்சு

மருதாணி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள், மேடம். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, எல்லாம் தெரிந்ததுபோலத் தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் ஜாரா சந்தையில் அப்படிப் பார்க்கிற ஆளுக்கு முதல் விலையே இரண்டு மடங்கு. கடைக்காரன் மனத்துக்குள் சிரித்துக்கொண்டு பாதாம் போட்ட தேநீர் வரவழைப்பான். விவரம் தெரிந்தவன் தொடமாட்டான். சாக்கின் வாயை விரித்து, காதுவரை தலையை உள்ளே விட்டு, மூக்கால் மூன்று தடவை நன்றாக இழுப்பான். முதல் மூச்சு இலைக்கு, இரண்டாவது அது வளர்ந்த மண்ணுக்கு, மூன்றாவது விற்கிறவனின் பொய்க்கு என்று என் தந்தை ஹாஜி மப்ரூக் சொல்வார். அதற்குப் பிறகுதான் விலை பேச வாயைத் திறக்க வேண்டும்.

விசாரணை நீதிபதியாக இந்த ஊருக்கு வந்திருக்கிற நீங்கள் துனிஸ் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது. அதனால்தான் இதை முதலில் சொல்லி வைக்கிறேன். இது தெரியாவிட்டால் லாரூஸி எப்படிச் செத்தான் என்பது புரியாது. உங்கள் கோப்பில் இருக்கிற அறிக்கையை எழுதியவருக்கும் புரியவில்லை. அவர் ஸ்ஃபாக்ஸ்காரர், ஆலிவ் எண்ணெயை மட்டும் முகர்ந்து பழகியவர்.

விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நேற்று நான் வந்து நின்றபோது உங்கள் எழுத்தர் தம்பி, "அந்த ஃபைல மூடி மூணு வாரம் ஆச்சு சார், மறுபடி எதுக்கு?" என்றார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நண்பனைப் பறிகொடுத்த துக்கத்தில் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். இன்று காலை ஒரு கிண்ணம் லப்லாபி, கொண்டைக்கடலைச் சூப், காலி செய்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். பதிவேட்டில் ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். வேறொன்றும் இல்லை.

லாரூஸி எங்கள் கடைக்கு வந்தபோது அவனுக்கும் பதினொரு வயது, எனக்கும் பதினொரு வயது. தெபுல்பு பக்கத்தில் மருதாணி பயிரிடுகிற குடும்பம். தகப்பன் இல்லை, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதும் இல்லை. சாக்கு தைக்கத்தான் அவனை எடுத்தார்கள். வந்த பத்தாம் நாள் என் தந்தை நாலு வியாபாரிகள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, ஒரு சாக்கைக் காட்டி, முகர்ந்து சொல்லு என்றார். நான் தலையை விட்டேன், தும்மினேன். மறுபடி விட்டேன், மறுபடி தும்மினேன். மூலையில் ஊசியும் சணலுமாக உட்கார்ந்திருந்த லாரூஸி எழுந்து வந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஹாஜி, இதுல பாதி போன வருஷத்து இலை. மேல மட்டும் புதுசத் தூவியிருக்கான்" என்றான். கொட்டிப் பார்த்தார்கள். அப்படியே இருந்தது.

என் தந்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இது கண்ணாடி மாட்டறதுக்குன்னே அல்லா குடுத்தது. இவனப் படிக்கப் போட்டுற வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் வீட்டில் பிள்ளையைப் படிக்க அனுப்புவது பெருமையாக இருந்திருக்கும். எங்கள் சந்தையில் அது, போகாத சரக்கைக் கோடையில் தள்ளிவிடுவது மாதிரி.

அப்படித்தான் நான் வேதியியல் படித்தேன், மேடம். முனைவர் பட்டம் வரைக்கும் போனேன். ஊருக்குத் திரும்பியபோது என் தந்தையின் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் லாரூஸி உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "வாங்க டாக்டரே, ரெண்டு நாளா வயிறு சரியில்ல, ஏதாவது எழுதிக் குடுங்க" என்றான். சந்தை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து நான் டாக்டர். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இப்போது சொல்லப்போவது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. லாரூஸிக்குப் படிக்கத் தெரியாது. ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. தினமும் காலையில் காபிக் கடையில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு, "இவனுங்க உருப்பட விட மாட்டானுங்க" என்று அவன் முனகுவதை ஊரே பார்த்திருக்கிறது. படத்தைப் பார்த்து முனகுவான். நம் நாட்டு நாளிதழில் எந்தப் படத்தைப் பார்த்து அப்படி முனகினாலும் பொருத்தமாகத்தான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏதாவது தாள் கைக்கு வந்தால் என் பக்கம் நீட்டி, "டாக்டரே, கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன், என்னன்னு பாரு" என்பான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. நான் படித்துச் சொல்வேன். கையெழுத்து வேண்டியிருந்தால் நானே போடுவேன். அந்தக் கையெழுத்தை உருவாக்கியதும் நான்தான், எங்களுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது. அகலமாக ஒரு சுழி, கீழே நீண்ட ஒரு வால். மந்திரி கையெழுத்து மாதிரி இருக்கிறது என்று அவனுக்கு ரொம்பப் பெருமை.

முப்பத்தாறு வருடம், மேடம். அவனுடைய கல்யாண ஒப்பந்தம், வீட்டுப் பத்திரம், பெண்ணின் பள்ளிக்கூட மதிப்பெண், எல்லாம் நான் படித்துச் சொன்னதுதான். ஒரு சொல்லைக்கூட மாற்றிப் படித்ததில்லை. வெளியே மூச்சு விட்டதில்லை. பொறாமை பிடித்தவன் இப்படியொரு ரகசியத்தை முப்பத்தாறு வருடம் காப்பானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அவன் செத்த இடத்துப் பேட்டரிக்கு வருகிறேன். மருதாணியில் சிவப்பைக் கொடுக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துக் காரத் தண்ணீரில் கரைத்தால், அது மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்கும்போது திருப்பிக் கொடுத்துவிடும், நல்ல பக்கத்து வீட்டுக்காரி பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவது மாதிரி. இரண்டு தொட்டி வேண்டும். ஒன்றில் மருதாணிக் கரைசல், இன்னொன்றில் ஓர் இரும்பு உப்புக் கரைசல். நடுவில் மெல்லிய சவ்வு. சவ்வின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பம்புகள் இரண்டையும் ஓட விடும். இரண்டும் உரசும், கலக்காது. பகலில் சூரியத் தகடுகள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பொழுது சாய்ந்ததும் கொடுக்கும். இன்னும் அதிகம் வேண்டுமென்றால் தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் போதும். வெளிநாட்டு உலோகம் வேண்டாம், சுரங்கம் வேண்டாம், கப்பல் வேண்டாம். சந்தையில் விலை போகாமல் தங்கிவிடுகிற பழைய இலை போதும்.

இதை ஒன்பது வருடம் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து செய்தேன். என் சட்டைகளில் ஒன்றுகூட வெள்ளையாக மிஞ்சவில்லை. என் மனைவி, கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு மருதாணி ஆகாது என்பாள். எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சரக்கு என்னுடையது. அதில் லாரூஸியின் மூக்குக்கு வேலை இல்லை.

ஷெனினித் தோப்பின் கூட்டுறவுச் சங்கம் இடம் கொடுத்தது. அங்கே கோடை மாலைகளில் மின்சாரம் போய்விடும், கிணற்றுப் பம்புகள் நின்றுவிடும், மாதுளை வாடும். என் தொட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு வீடு உயரத்தில் எழுந்தன. முதல் கரைசல் நாற்பது நாள் நன்றாக உழைத்தது, பிறகு சோர்ந்துவிட்டது. இரண்டாவது இருபது நாள். மூன்றாவது ஐந்து மாதம் ஓடியது. ஏன் என்று தெரியவில்லை. ஒரே செய்முறை, ஒரே அளவு. மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குள் தோப்பு ஒரு தண்ணீர் முறையை இழந்துவிடும்.

ஒரு நாள் லாரூஸி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். ஏணியில் ஏறி, தொட்டியின் மேல்மூடியைத் திறந்தான். ஒரு ஆள் தோள்வரை நுழைகிற அளவுக்கு அங்கே ஒரு வாய் உண்டு. சாக்கில் விடுவது மாதிரியே தலையை உள்ளே விட்டு மூன்று மூச்சு இழுத்தான். "டாக்டரே, இது ஸாராத் இலை. கடலோரத்து உப்பு இருக்கு. இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும்" என்றான். காரக் கரைசல் அது, இலை வாசனையே இருக்காது, உன் மூக்கை இறக்கிவைத்துவிட்டுப் போ என்றேன். "எனக்கு வருது, நான் என்ன பண்ண?" என்று சிரித்தான். ஆறாம் நாள் சோர்ந்தது.

அதற்குப் பிறகு எந்த இலையும் அவன் முகராமல் தொட்டிக்குப் போகவில்லை. வாரம் ஒரு தடவை ஏணியில் ஏறுவான். "நல்லாருக்கு" என்றால் நல்லாயிருக்கும். "அழுகின பேரீச்சை மாதிரி வருது" என்றால் நான்கு நாளில் என் கருவிகளும் அதையே சொல்லும். அவன் பக்கத்தில் நிற்கும்போது என் கருவிகள், ஊரெல்லாம் பேசி ஓய்ந்த செய்தியைத் தாமதமாகக் கொண்டுவருகிற தபால்காரன் மாதிரி ஆகிவிட்டன.

திறப்பு விழாவன்று மாலை, தோப்பில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. பம்புகள் ஓடின, வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். என் தந்தைக்கு எண்பத்தெட்டு வயது, இரண்டு பேர் தாங்கி அழைத்துவந்தார்கள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தொட்டியின் அருகே நின்றேன். அவர் வந்தார், தொட்டிச் சுவரில் கையை வைத்தார், வாய்க்காலைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டித் திரும்பி, "லாரூஸி, எந்த இலைடா போட்ட?" என்றார்.

"தெபுல்பு இலை, ஹாஜி. நம்ம இலைதான்."

"ம். அதான பாத்தேன்" என்று சொல்லி அவன் கன்னத்தைத் தட்டினார்.

அவர் கிழவர், அவருக்குப் பழக்கம் அப்படி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை ஏழு மணி பத்து நிமிடம் இருக்கும்.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். என்னிடம் இருபது நிமிடம் பேசினார்கள், அதில் என் கையும் ஒரு குழாயும் மட்டும் ஒளிபரப்பாயின. தோப்பை ஒளிர வைக்கும் மூக்கு என்று தலைப்புப் போட்டு லாரூஸியை ஏழு நிமிடம் காட்டினார்கள். ஏணியில் ஏறினான், முகர்ந்தான், இறங்கினான், தலைப்பாகையைச் சரிசெய்தான். அவன் அழகன், மேடம், அதையும் சொல்லிவிட வேண்டும். காபிக் கடையில் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கையைப் போட்டு, "இந்த மனுஷன் இல்லாட்டி நான் இன்னும் சாக்குல தலைய விட்டுக்கிட்டு இருப்பேன்" என்றான். நன்றியாகத்தான் சொன்னான். அவன் மனத்தில் கெட்டது எதுவும் கிடையாது. அதுதான் அவனோடு பழகுவதில் பெரிய கஷ்டம்.

பிறகு கடிதம் வந்தது. வெளிநாட்டு நிதியம் ஒன்று இன்னும் பதினோரு தோப்புகளில் இதேபோல் கட்டப்போகிறது, கரைசலின் தரத்துக்குத் தலைமைப் பொறுப்பு திரு லாரூஸிக்கு. கடிதம் அவன் பெயருக்கு வந்திருந்தது. பிரெஞ்சில் இரண்டு பக்கம். அவன் அதை என்னிடம் நீட்டி, "கண்ணாடி..." என்றான். நான் படித்தேன். ஒரு வரி விடாமல், ஒரு புகழுரை குறையாமல் படித்தேன். அதில் என் பெயர் ஓரிடத்தில் வந்தது, இரண்டாம் பக்கத்தில். ஷெனினியில் உள்ள பம்புகளைத் தொடர்ந்து பராமரிப்பவர் என்று.

லாரூஸி கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, "நீ இல்லாம நான் எங்கடா போவேன்? யாரு எனக்குப் படிச்சுச் சொல்றது? நீயும் வா டாக்டரே. என் பையத் தூக்கிட்டு வா" என்று சொல்லி என் முதுகில் தட்டினான். வேடிக்கைக்குச் சொன்னான். நானும் சிரித்தேன்.

அதே மாதம் ஜெர்மனியிலிருந்து அன்னெலீஸ் என்ற பொறியாளர் அம்மா வந்தார். அறுபது வயது, வெயிலில் நண்டு மாதிரி சிவந்துபோவார், கண்டிப்பானவர். தொட்டிக்குள் காற்று படுவதால் சேர்த்த மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகிறது என்று அளந்து காட்டினார். கரைசலுக்கு மேலே இருக்கிற வெற்றிடத்தை நைட்ரஜனால் நிரப்பி வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. உருளைகள் வந்தன, குழாய் மாட்டினார்கள்.

நைட்ரஜன் விஷம் இல்லை, மேடம். இப்போது நீங்கள் இழுக்கிற மூச்சில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். நிறமில்லை, வாசனையில்லை. ஆனால் அது மட்டுமே இருக்கிற இடத்தில் தலையை விட்டு இழுத்தால், ஒன்று அல்லது இரண்டு மூச்சில் நினைவு போய்விடும். திணறல் இல்லை, எரிச்சல் இல்லை, உடம்புக்குச் சந்தேகமே வராது. வலிக்காது என்பதை இரண்டு புத்தகங்களில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அன்னெலீஸ் அம்மா தொட்டியின் மூடியில் சிவப்புப் பலகை ஒன்று பொருத்தச் சொன்னார். அதில் ஒரு ஆள் தலைகுப்புற விழுகிற படமும் இருந்தது. படம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இங்கே எல்லோரும் படித்தவர்கள், படம் போட்டுக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட்டீர்கள் என வருத்தப்படுவார்கள் என்றேன். அவர் முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது, மன்னிப்புக் கேட்டார். அரபியிலும் பிரெஞ்சிலும் எழுத்து மட்டும் வைத்தோம். நாகரிகம் கருதிச் செய்தது அது.

எல்லோருக்கும் ஆபத்தை விளக்கி, புரிந்துகொண்டோம் என்று கையெழுத்து வாங்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு அவர் ஊருக்குப் போனார். விளக்கினேன். காவலாளி ஹமாதி, பம்பு ஓட்டுகிறவர்கள் மூன்று பேர், கணக்கர், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறிய கருவி ஒன்று. காற்றில் பிராணவாயு குறைந்தால் அது கத்தும். லாரூஸி அந்தப் பத்து நாளும் கெபிலி பக்கம் இலை பார்க்கப் போயிருந்தான். அவனுடைய கருவியை என் மேசையில் வைத்துப் பூட்டினேன், தொலைந்துவிடக் கூடாதே என்று. ஹமாதி பொறுப்பானவன், "அண்ணே, லாரூஸி அண்ணனுக்குத் தெரியுமா? அவருதான் அதுல தலைய விடற ஆளு" என்று கேட்டான். தாளை எடுத்துக் காட்டினேன். கடைசி வரியில் அந்தச் சுழியும் வாலும் இருந்தன. "போறதுக்கு முன்னாடியே போட்டுட்டுப் போயிட்டாரா, நல்லது" என்று போய்விட்டான்.

உங்கள் கோப்பில் ஏழாவது தாள் அதுதான். அவனுடைய கையெழுத்து வேறு எங்கே இருந்தாலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒத்துப்போகும். எல்லாமே நான் போட்டதுதானே.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வந்தான். லாரியில் புது இலை வந்திருந்ததால் மற்றவர்களை இறக்க அனுப்பியிருந்தேன். காதில் சிகரெட் செருகியிருந்தான், கையில் எனக்காகக் கெபிலிப் பேரீச்சை ஒரு பெட்டி.

"என்ன டாக்டரே, பத்து நாள்ல இளைச்சுப் போயிட்ட. நான் இல்லன்னா உனக்குச் சோறு எறங்காதோ?"

"கரைசல் கொஞ்சம் சந்தேகமா இருக்கு" என்றேன்.

"அதுக்குத்தான அல்லா எனக்கு இத வெச்சிருக்கான்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு ஏணியில் ஏறினான். நானும் பின்னால் ஏறினேன். மேலே புதுக் குழாயைப் பார்த்து, "தொட்டிக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டீங்களா?" என்றான். பிறகு சிவப்புப் பலகையைப் பார்த்தான். குனிந்து, படிப்பவன் மாதிரியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். திரும்பி, "கண்ணாடி எடுத்துட்டு வரல. என்ன போட்டிருக்கு?" என்றான். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. என்னிடம்கூட அவன் கண்ணாடி என்றுதான் சொல்வான்.

நான் படித்தேன். "புகை பிடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

அங்கே புகை பிடிக்கவும் கூடாதுதான், மேடம். அதனால் அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

காதிலிருந்த சிகரெட்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டான். "நல்ல பழக்கம்தான் கத்துக் குடுத்திருக்கா அந்தம்மா" என்றான். மூடியைத் திறந்தான். தோள்வரை உள்ளே போனான். எப்படி இருக்கு என்று கேட்டேன். வலது கையின் சுட்டுவிரலைத் தூக்கினான், பேசாதே என்று அர்த்தம், சாக்கில் முகரும்போதும் அப்படித்தான் செய்வான். முதல் மூச்சு எனக்குக் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. மூன்றாவதுக்கு அவன் வரவில்லை. விரல் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

அறிக்கையில், உடன் இருந்தவர் விதிமுறையைச் சரியாகப் பின்பற்றினார் என்று என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அது உண்மை. விழுந்தவனைக் காப்பாற்ற ஓடுகிறவன்தான் அடுத்துச் சாவான், அதனால் முதலில் வாயுவை மூடு, பிறகு காற்றை அள, பாதுகாப்பு என்று தெரிந்த பிறகே கிட்டே போ என்று அன்னெலீஸ் அம்மா சொல்லியிருந்தார். நான் நிதானமாக இறங்கிப் போய் உருளையை மூடினேன். கருவியை எடுத்து வந்தேன். அளந்தேன். அது பச்சை காட்டும்வரை காத்திருந்தேன். பதினோரு நிமிடம். ஒரு படிகூடத் தாண்டவில்லை. பிறகு ஹமாதியைக் கூப்பிட்டேன். குரல் உடைந்து கூப்பிட்டதாக அவன் சாட்சி சொல்லியிருக்கிறான், அதுவும் உண்மையாக இருக்கலாம்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. அத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. என் தந்தையை நாற்காலியில் தூக்கி வந்தார்கள். மண் போடும்போது, "எம்புள்ள, எம்புள்ள" என்று அழுதார். பக்கத்தில்தான் நின்றேன். அவர் கையைப் பிடித்தேன். யார் என்று திரும்பிப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார்.

அதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். அவன் போய்விட்டான், மற்றது மெல்லச் சரியாகும் என்று இருந்தேன். பதினோரு தோப்புக்கும் இனி என் கருவிகள்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. இரண்டு வாரத்தில் நிதியத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், அந்தப் பொறுப்பை நான் ஏற்க வேண்டும் என்று.

ஆனால் போன வெள்ளிக்கிழமை ஆளுநர் வந்தார். நிலையத்துக்குப் பெயர் வைத்தார்கள். வாயிலில் பளிங்குப் பலகை. வாசகத்தை எழுதித் தர என்னைத்தான் கேட்டார்கள், எனக்கு மொழி நன்றாக வரும் என்று. எழுதிக் கொடுத்தேன். அதை அவர்கள் மாற்றிவிட்டார்கள். உங்கள் அறிக்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சேர்த்திருந்தார்கள். ஆபத்தை அறிந்தும், தோப்பின் விளக்குகள் அணையக் கூடாது என்பதற்காகத் தன் மூச்சைக் கொடுத்த லாரூஸியின் நிலையம். துணியை விலக்கியபோது அதைத்தான் படித்தேன். பெண்கள் குலவையிட்டார்கள். ஆளுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் அழைத்துவந்து அதை வாய்விட்டுப் படிக்க வைத்தார்கள்.

அறிந்தும் என்கிறது அந்தப் பலகை, மேடம். அவன் எதை அறிந்தான்? அவனுக்கு ஒன்றும் தெரியாது. தன் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாதவன். அந்தப் பலகையையே அவன் முன்னால் நிறுத்தினால் கண்ணாடியைத் தேடியிருப்பான். அவன் துணிந்து முகரவில்லை. நான் சொன்னதை நம்பி முகர்ந்தான். இதில் வீரம் எங்கே இருக்கிறது? தெரியாமல் செத்தவனைத் தெரிந்தே செத்தவன் என்று பளிங்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் ஒரு பதிவு ஒழுங்காக இருக்க வேண்டாமா? அதற்குத்தான் வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை. அவன்மேல் எனக்கு என்ன பொறாமை, அவன்தான் செத்துவிட்டானே.

ஆக, இப்படி எழுதிக்கொள்ளுங்கள். லாரூஸிக்குப் படிக்கத் தெரியாது. எச்சரிக்கைத் தாளில் உள்ள கையெழுத்து ஷத்லி பின் மப்ரூக், அதாவது நான், போட்டது. பலகையைத் தவறாகப் படித்துக் காட்டியதும் அவன்தான். லாரூஸி சாக வேண்டும் என்று தெரிந்தே செய்தான். முழு நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறான். எந்தச் சட்டப் பிரிவு என்பது உங்களுக்குத் தெரியும், நான் அதில் பேரம் பேசப்போவதில்லை. பளிங்கை எடுக்கும்போது மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள், பின்பக்கம் நல்ல வழவழப்பு, திருப்பிப் போட்டு வேறு ஏதாவது வெட்டிக்கொள்ளலாம்.

எழுத்தர் தம்பி தட்டுவதை நிறுத்திவிட்டாரே. நிறுத்த வேண்டாம் தம்பி, இன்னும் ஒரு வரி இருக்கிறது. முக்கியமானதே அதுதான், அது தாளில் வராமல் போனால் நான் இங்கே வந்ததற்கே அர்த்தமில்லை. அந்தப் பேட்டரியைச் செய்தவன் நான்.